வரப்போரக் குப்பைமேனி

திருவையாற்றுக் காவிரிக் கரையோரம் நடந்தால், வாழைக் கொல்லை வரப்புகளில் குப்பைமேனி தானாக முளைத்து நிற்பதைக் காணலாம். இலை விளிம்பு ரம்பப் பல் போல இருக்கும். பிடுங்கிய வேரின் வாசனைக்குப் பூனை வந்து புரளும். வேலைக்கு வரும் பெண்கள் சொறி சிரங்குக்கு உப்பு, மஞ்சளுடன் அரைத்துப் பூச இலை பறித்துப் போவார்கள். களைக்கொல்லி அடித்த வரப்பில் மட்டும் பறிக்கக் கூடாது.

ஓமியோபதியில் இதே செடிக்கு ‘அகாலிபா இண்டிகா’ என்று பெயர்; இருமலில் ரத்தம் வந்தால் கொடுப்பார்கள். ஆனால் ரத்த இருமல் காசநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். மருந்தை நம்பி நாளைக் கடத்தினால் நுரையீரல் கெடும். வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலோ ரத்தம் கண்டாலோ, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கட்டணம் இல்லை.