ஒரு டம்ளர் தண்ணீரும் அல்ஹம்துலில்லாஹ்வும்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஐந்து வேளை ஃபர்ளுத் தொழுகையில் மொத்தம் 17 ரக்அத். ஒவ்வொரு ரக்அத்திலும் ஃபாத்திஹா, அதில் பிஸ்மிக்கு அடுத்து வருவதே 'அல்ஹம்து'தான். தொழுது முடித்ததும் தஸ்பீஹில் 33 முறை அல்ஹம்துலில்லாஹ், ஐந்து வேளைக்கு 165. கூட்டினால் 182. சுன்னத், நஃபில் எதையும் சேர்க்கவில்லை. தும்மினால் ஒன்று, சாப்பிட்டு எழுந்தால் ஒன்று, "எப்படி இருக்கீங்க பாய்?" என்று கேட்பவருக்குப் பதிலாக ஒன்று... அதெல்லாம் தனிக் கணக்கு.

(வகுப்பு நண்பர்களுக்காக: எல்லாப் புகழும் இறைவனுக்கே என்பதுதான் இதன் பொருள். 2009-இல் ஆஸ்கர் மேடையில் ஏ.ஆர். ரஹ்மான் தமிழில் சொன்னாரே, அதேதான்.)

இப்போது இன்னொரு எண். நல்ல நிலையில் உள்ள ஒருவருடைய இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளில் வடிகட்டுவது ஏறத்தாழ 180 லிட்டர். அதில் ஒன்று, ஒன்றரை லிட்டர்தான் சிறுநீராக வெளியே போகிறது. மீதியெல்லாம் மறுபடி இரத்தத்துக்கே திரும்பிவிடும். நாம் தூங்கும்போதும், பஸ்ஸில் தொங்கும்போதும், செமஸ்டர் ஹாலில் முழிக்கும்போதும் இந்த வேலை நடந்துகொண்டே இருக்கிறது. 182-ம் 180-ம் பக்கத்தில் பக்கத்தில் வருவது தற்செயல். தயவுசெய்து இதை வைத்து "சுப்ஹானல்லாஹ், அறிவியல் அதிசயம்!" என்று யாரும் ஃபார்வர்டு அனுப்பிவிடாதீர்கள் :-)

இந்த எண்ணெல்லாம் எனக்கு மனப்பாடமாக இருப்பதற்குக் காரணம் என் அத்தா. சர்க்கரை வியாதி மெல்ல மெல்ல இரண்டு சிறுநீரகத்தையும் தின்றுவிட்டது. இரண்டரை வருடமாக டயாலிசிஸ். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம்.

டயாலிசிஸ் என்றால் ஊசி, மெஷின், செலவு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வீட்டில் இருந்து பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும், அது முக்கியமாகத் தண்ணீர் சம்பந்தப்பட்ட விஷயம். குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை. உடம்பிலேயே தங்கிக் கால் வீங்கும், நுரையீரலில் ஏறினால் மூச்சு முட்டும். அதனால் டாக்டர் அத்தாவுக்குக் கொடுத்திருக்கும் அளவு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். டீ, ரசம், மாத்திரைக்கு விழுங்கும் தண்ணீர் எல்லாம் சேர்த்து. ஃபஜ்ருக்குப் பிறகு அம்மா ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி மேசையில் வைப்பார். டீ குடித்தால் அந்த அளவு பாட்டிலிலிருந்து குறையும். சித்திரை வெயிலில், அதுவும் திருச்சி வெயிலில், அந்தப் பாட்டிலை அத்தா பார்க்கும் பார்வை இருக்கிறதே... அதை எழுத எனக்குத் தெரியவில்லை. நாக்கு வறண்டால் ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொள்வார். அதற்கும் கணக்கு உண்டு.

வேடிக்கை என்னவென்றால் மெஷினுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம், நான்கு மணி நேரத்தில் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் அதற்குள் ஓடுகிறது. முக்கால் லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாத மனிதரை உயிரோடு வைத்திருக்க 120 லிட்டர் தண்ணீர் வேண்டும்!

அத்தாவுக்குப் பக்கத்துக் கட்டில் ஸ்ரீரங்கத்து மாமா ஒருவருக்கு. ரிட்டயர் ஆனவர், உத்திர வீதியில் வீடு. இருவருக்கும் ஒரே ஷிஃப்ட். முதல் வாரம் "வணக்கம் சார்" என்று ஆரம்பித்தது, இப்போது "என்ன பாய், இன்னிக்கு எவ்வளவு கிலோ ஏத்திண்டு வந்தீர்?" வரைக்கும் வந்துவிட்டது. (உடம்பில் சேர்ந்த தண்ணீரை எடை போட்டுத்தான் பார்ப்பார்கள்.) ஒரு நாள் அவர் சொன்னார்: "ஒரு பக்கம் காவேரி, ஒரு பக்கம் கொள்ளிடம். நடுவுல உக்காந்துண்டு ஒரு டம்ளர் ஜலம் குடிக்க எனக்கு அனுமதியில்லை, பாத்தேளா பாய்?" அத்தா சிரித்துக்கொண்டே, "சாமி, உங்களுக்காவது ரெண்டு ஆறு. எங்க தெருவுல ஒரு குழாய்தான்" என்றார். பக்கத்தில் நின்ற நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. துலுக்க நாச்சியாருக்கு ரொட்டி நைவேத்தியம் செய்வதைச் சொல்லி, "உங்காத்து ரொட்டிதான் எங்க பெருமாளுக்கே இஷ்டம்" என்று அத்தாவை வம்புக்கிழுப்பதும் அவர்தான்.

நிற்க.

ஹாரூன் ரஷீத் கலீஃபாவைப் பற்றி ஒரு பழைய நிகழ்ச்சி வரலாற்று நூல்களில் உண்டு. 786 முதல் 809 வரை ஆண்டவர், அன்றைய உலகின் பெரிய சாம்ராஜ்யங்களில் ஒன்று அவருடையது. இப்னு சம்மாக் என்ற பெரியவர் முன்னால் அவர் ஒரு நாள் தண்ணீர் கேட்கிறார். கோப்பை வந்ததும் பெரியவர் தடுத்து, இந்தத் தண்ணீர் கிடைக்காமல் போனால் என்ன விலை கொடுத்து வாங்குவீர் என்கிறார். பாதி ராஜ்யத்தைக் கொடுப்பேன் என்கிறார் கலீஃபா. சரி, குடியுங்கள் என்றவர், குடித்து முடித்ததும் அடுத்ததைக் கேட்கிறார். குடித்த தண்ணீர் வெளியே போகாமல் உள்ளேயே நின்றுவிட்டால்? மீதி ராஜ்யத்தையும் கொடுத்துவிடுவேன். ஒரு மிடறு தண்ணீருக்கும் ஒரு தடவை சிறுநீருக்கும் ஈடாகும் ராஜ்யத்துக்கா இவ்வளவு ஆசை என்று பெரியவர் கேட்க, கலீஃபா அழுதுவிட்டாராம்.

ஜும்ஆ பயானில் இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அந்த இரண்டாவது கேள்வி எங்கள் வீட்டில் கதை இல்லை. கழிப்பறையை விட்டு வெளியே வரும்போது ஓத ஒரு துஆ உண்டு. தொல்லையை என்னை விட்டு நீக்கி சுகம் தந்த இறைவனைப் புகழ்கிறேன் என்ற கருத்து அதில் வரும். சின்ன வயதில் மதரஸாவில் அதைச் சொல்லிக் கொடுத்தபோது பசங்கள் எல்லோரும் கெக்கெக்கே என்று சிரித்தோம். பாத்ரூமுக்குப் போய் வந்ததற்கெல்லாமா நன்றி! உஸ்தாத் கோபப்படவில்லை. "சிரிங்கடா, சிரிக்கிற வரைக்கும் நல்லது" என்று மட்டும் சொன்னார். எவ்வளவு பெரிய வார்த்தை.

இனி, நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். அத்தாவை நலம் விசாரிக்க நிறையப் பேர் வருகிறார்கள். நல்லவர்கள்தான். ஆரஞ்சு வாங்கி வருவார்கள் (அத்தா ஆரஞ்சும் சாப்பிடக் கூடாது, பொட்டாசியம்). கையில் புடைத்திருக்கும் ஃபிஸ்டுலாவைப் பார்ப்பார்கள். ஒரு பெருமூச்சு. பிறகு, "என்னமோ போங்க, அல்லாஹ் நம்மளை இந்த மட்டுக்கும் நல்லா வச்சிருக்கானே, அல்ஹம்துலில்லாஹ்!" அத்தா இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார். சிரித்த முகமாக "ஆமா ஆமா" என்பார்.

ஒரு ராத்திரி அம்மாவிடம் அவர் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. "நான் என்ன பொருட்காட்சியா? எல்லாரும் வந்து பாத்து ஷுக்ரு பண்ணிட்டுப் போறாங்க."

அதிலிருந்து இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். உன்னைவிட மேலே இருப்பவனைப் பார்க்காதே, கீழே இருப்பவனைப் பார் என்ற கருத்தில் ஹதீஸ் இருப்பது உண்மைதான். ஆனால் அடுத்தவன் சொத்தையும் அழகையும் பார்த்துப் பொருமுகிற மனசுக்கு அது மருந்து. நோயாளியின் கட்டிலருகே நின்று, அவன் முகத்துக்கு நேராக நம் அதிர்ஷ்டத்தை எண்ணிப் பார்ப்பதற்கான அனுமதி அதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சோதனையில் இருப்பவரைப் பார்த்தால் தனக்கு சுகம் தந்ததற்காக இறைவனைப் புகழும்படி இன்னொரு ஹதீஸ் உண்டு, திர்மிதியில் வருகிறது. இதைப் பற்றி 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இமாம் நவவி தம் 'அல்அத்கார்' நூலில் ஒரு விளக்கம் தருகிறார்: அதை மெதுவாக, தன் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொல்ல வேண்டும், அந்த நோயாளியின் காதில் விழக் கூடாது, விழுந்தால் அவர் மனம் புண்படும் என்று ஆலிம்கள் சொல்லியிருக்கிறார்கள். எழுநூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் அத்தாவுக்காக யோசித்து வைத்திருக்கிறார்!

இன்னொன்று. "ஸப்ரா இருங்க, புலம்பாதீங்க" என்பார்கள். அய்யூப் நபி தன் வேதனையை இறைவனிடம் வாய்விட்டே சொன்னார். குர்ஆன் அவரைப் பொறுமையாளர் என்றுதான் அழைக்கிறது. வலிக்கிறது என்று சொல்பவர் நன்றி கெட்டவர் ஆகிவிட மாட்டார்.

அப்படியானால் ஷுக்ர் என்பதுதான் என்ன? இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில் இதற்கென்றே ஒரு பெரிய அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். அறிவு, மனநிலை, செயல் மூன்றும் சேர்ந்ததுதான் ஷுக்ர் என்கிறார். கொடுத்தவனை அறிவது, அதனால் மகிழ்வது, கொடுத்ததை அது எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்குப் பயன்படுத்துவது. ஒரு ரொட்டி நம் வாய்க்கு வருவதற்குள் எத்தனை தொழிலாளர் கை பட வேண்டியிருக்கிறது என்றும் அதே அத்தியாயத்தில் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவார். மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவர் ஆகமாட்டார் என்ற ஹதீஸை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நாக்கில் எண்ணும் 182-க்குள் இந்த மனிதர்கள் யாரும் வருவதில்லை, கவனித்தீர்களா?

அத்தா இதையெல்லாம் படித்தவரில்லை. ஆனால் ஊசி குத்தும் டெக்னீஷியன் தங்கச்சிக்கு ஒவ்வொரு முறையும் பெயர் சொல்லி நன்றி சொல்வார். தரை துடைக்கும் அக்காவுக்கும் சொல்வார். அவருடைய சிகிச்சைச் செலவு 2012-இல் வந்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஓடுகிறது. "யாரோ கட்டின வரியிலதானே நம்ம ரத்தம் சுத்தமாகுது" என்று ஒரு தடவை சொன்னார். கம்பரசம்பேட்டை நீரேற்று நிலையம் ஒரு நாள் நின்றால் ஊரில் பாதிக் குழாய் வறண்டுவிடும் என்பது திருச்சிக்காரர்களுக்குத் தெரியும். மோட்டார் போடும் ஆட்களுக்காகவும் துஆ கேட்பவரை நான் எங்கள் வீட்டில்தான் பார்த்திருக்கிறேன்.

நான் செய்வது ரொம்பச் சின்னது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் ஒளு செய்ததாக புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. முத்து என்றால் இரண்டு கையையும் சேர்த்து அள்ளும் அளவு. அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை, மத்ஹபுக்கு மத்ஹப் கணக்கு மாறும். பள்ளிவாசல் குழாயைத் திறந்துவிட்டு நண்பன் ஒளு செய்தபோது கீழே பக்கெட்டை வைத்துப் பார்த்தேன். ஆறு லிட்டர்! அத்தாவின் பாட்டில் எட்டு நாளைக்கு நிரம்பும். இப்போது நாங்கள் இரண்டு பேரும் செம்பில் மொண்டுதான் ஒளு செய்கிறோம். பழகிவிட்டால் முக்கால் லிட்டர் தாராளம்.

போன ரமளானிலும் அத்தாவால் நோன்பு பிடிக்க முடியவில்லை. விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவு, அதுதான் ஃபித்யா. அரிசியை அவரே உட்கார்ந்து அளந்தார், முப்பது நாளைக்கும். தான் குடிக்க முடியாத கஞ்சியை நினைத்துத்தான் அவருக்கு ரொம்ப வருத்தம். ஸ்ரீரங்கத்து மாமாவுக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. "அந்தக் கஞ்சியை நானும் ருசி பார்த்ததில்லை பாய்" என்றார். அடுத்த ஷிஃப்டுக்கு அம்மா கறி போடாமல், உப்பைக் குறைத்து, சின்னத் தூக்கில் கொடுத்துவிட்டார். டெக்னீஷியன் தங்கச்சி தூக்கைத் திறந்து பார்த்து, இரண்டு பேரையும் ஒரு முறை முறைத்தாள். பிறகு நோட்டை எடுத்து, "ஆளுக்கு அம்பது மில்லி. எழுதிக்கிறேன்" என்றாள்.