எடிக்கு எடி

ஆனிப் பௌர்ணமிக்குக் காரைக்காலில் மாங்கனி இறைக்கும்போதெல்லாம் எனக்கு எடி கோர்டோ ஞாபகம் வந்துவிடுவான். காரைக்கால் அம்மையார் மன்னிக்க வேண்டும்.

பாரதியார் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. கடை என்ன கடை, திண்ணையை அடைத்த அறைதான். நாலு டிவி, நாலு பிளேஸ்டேஷன், ஒரு மேசை விசிறி. அந்தக் காற்றும் மெஷினுக்குத்தான், நமக்கில்லை. சிடி ஓடாமல் திக்கினால் கடைக்கார அண்ணன் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார், ஓடும்.

டேக்கன் 3 சண்டை ஆட்டம் பிளேஸ்டேஷனில் வந்தது 1998இல். எங்கள் சந்துக்கு வர இன்னும் மூன்று வருஷம் பிடித்தது. அதில் எடி, பிரேசில்காரன். கையைத் தரையில் ஊன்றிச் சுழன்று காலாலேயே அடிப்பான், கபோய்ரா என்கிற சண்டைக் கலை. எக்ஸ், வட்டம் இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டினாலே எதிராளி எழுந்திருக்கத் திணறுவான். சண்டை ஆட்டத்திலிருந்து வாய்ச்சண்டைக்குப் போகவே, கடையில் ஒரு சட்டம் வந்தது: எடிக்கு எடி. ஒருவன் அவனை எடுத்தால் மற்றவனும் அவனையே எடுக்க வேண்டும்.

இதற்கு மிரர் மேட்ச் என்று பெயர் இருப்பது பின்னால்தான் தெரிந்தது. 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆர்கேட் மெஷினில் இரண்டு பேர் ஒரே ஆளை எடுக்கவே முடியாதாம். மறு வருஷம் சாம்பியன் எடிஷனில்தான் விட்டார்கள். உடை நிறத்தை மாற்றி அடையாளம் வைத்தார்கள்.

எனக்கு எதிரே எப்போதும் பெரியம்மா மகன். நான் தட்டு தட்டென்று தட்டுவேன். அவன் பின்பக்கமும் கீழுமாகத் திசைப் பட்டனை அழுத்திக் குனிந்தே இருப்பான். என் எடி சுற்றிச் சுற்றி ஓய்கிற அரை நொடியில் அவன் எடி ஒரே ஒரு உதை விடுவான்.

“உன் ஆளு ஸ்ட்ராங்குண்ணே” என்று அழ வழியில்லை.

“உன் எடிக்கு என்னடா குறை? உன் கட்டைவிரலுக்குத்தான் அவசரம்” என்பான்.

ஒரே மாதிரி இருந்தும் வேறான இரண்டு, அம்மையார் கதையிலும் உண்டு. வணிகன் பரமதத்தன் வீட்டுக்கு அனுப்பியது இரண்டு மாங்கனி. ஒன்றை அவன் மனைவி புனிதவதி, அதாவது அம்மையார், சிவனடியாருக்குப் படைத்துவிட்டார். இன்னொன்றைத் தின்ற புருஷன் அடுத்ததையும் கேட்க, இறைவனை வேண்டி ஒரு கனி பெற்றுவந்து வைத்தார். கண்ணுக்கு இதுவும் மாங்கனிதான். நாக்கில் வைத்ததும் பிடித்துவிட்டான் வணிகன். நாங்களும் அப்படித்தான் பிடிப்போம். திரைக்கு முதுகைக் காட்டி நின்றாலும் பட்டன் சத்தத்திலேயே எந்த எடி யாருடையது என்று சொல்லிவிடலாம்.

பெரியம்மா மகன் பிறகு பாரீஸ் போய்விட்டான். எங்கள் ஊரில் அது அதிசயமில்லை. 1954 வரை பிரெஞ்சுக்காரன் ஆண்ட இடம், வீட்டுக்கு வீடு அங்கே ஒரு மாமா இருப்பார்.

போன மாங்கனித் திருவிழாவுக்கு வந்திருந்தான். சிவன் பிச்சாண்டவராக வீதியுலா வர, மாடிகளிலிருந்து பழம் பறந்தது. நான் எகிறி எகிறி நாலு தடவை கை நீட்டினேன். அண்ணன் வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் நின்றான். பழம் அவன் மடியில் வந்து விழுந்தது.