புற்றுமண் ஊரில் பிசின் வடிக்கும் எலுமிச்சை!

சங்கரன்கோவிலுக்குப் போய்விட்டு, சங்கரநாராயணர் கோயில் புற்றுமண் வாங்காமல் திரும்புபவர்கள் குறைவு. நானும் ஒரு பொட்டலம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மேற்கே புளியங்குடி பஸ்ஸில் ஏறினேன். மலை நெருங்க நெருங்க எலுமிச்சைத் தோட்டங்கள்தான். புளியங்குடி எலுமிச்சைக்கு 2025-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

வழியில், தெரிந்த அண்ணாச்சி ஒருவரின் தோட்டத்தில் இறங்கினேன். 12 வயது மரங்கள். "தம்பி, இந்த மரத்தைப் பாருங்க. மத்ததைவிட ரெண்டு பங்கு காய்" என்று பெருமையாகக் காட்டினார். இலைகள் நரம்போடு மஞ்சளாகியிருந்தன. குனிந்து பார்த்தால், அடிமரத்தில் தேன் நிறத்தில் பிசின். விரலால் அழுத்தியதும் பட்டை பொதபொதவென்று கழன்று வந்தது.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. பட்டை அழுகினால், இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்காது, மேலேயே தங்கிவிடும். அதனால்தான் சாகப்போகிற மரம் கொத்துக்கொத்தாகக் காய்க்கிறது. அண்ணாச்சி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். போன வருஷமும் 3 மரம் இப்படித்தான் காய்த்துப் போயிருக்கிறது.

இதற்குக் காரணம் 'பைட்டோப்தோரா' என்கிற மண்வாழ் நுண்ணுயிர். தேங்கிய தண்ணீரில் இதன் வித்துகள் நீந்தியே மரத்தைப் பிடிக்கும். காற்றுக்குச் சாயாமல் இருக்கட்டும் என்று அண்ணாச்சி தூரில் ஓர் அடிக்கு மண் அணைத்து, பாத்தி நிறையத் தண்ணீர் கட்டியிருந்தார். நல்ல எண்ணம்தான்; வினையும் அதுதான்.

மண்வெட்டி எடுத்து, மேல்வேர் தெரியும்வரை மண்ணைத் தள்ளினோம். அழுகிய பட்டையை நல்ல பட்டை வரும்வரை சீவி, சீவியதை எரித்தோம். "கோயில் மண்ணைப் பூசலாமா?" என்றார் மதினி. "அது நெத்திக்கு மதினி, மரத்துக்கு மயில்துத்தம்" என்றேன். 1 கிலோ மயில்துத்தத்தை 5 லிட்டர் தண்ணீரிலும், 1 கிலோ சுண்ணாம்பை 5 லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து ஒன்றாகக் கலந்தால் போர்டோ பசை. பிளாஸ்டிக் வாளியில்தான் கலக்க வேண்டும், இரும்பு கூடாது. தரையிலிருந்து 2, 3 அடி உயரத்துக்குப் பூசினோம். மழைக்கு முன்பு ஒருமுறை, பின்பு ஒருமுறை போதும். மருந்தைவிட முக்கியம், தூரைச் சுற்றி உள்வட்டம் போட்டு, வெளிவட்டத்தில் மட்டும் தண்ணீர் விடுவது. இதைச் செய்யாவிட்டால் பசைக்குப் போட்ட காசு வீண். சந்தேகமிருந்தால் வன்னிக்கோனேந்தல் எலுமிச்சை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கலாம்.

அந்தக் காய்த்த மரத்துக்கு முக்கால் சுற்று பட்டை போய்விட்டது. வேரோடு எடுத்துவிடுங்கள், அதே குழியில் உடனே கன்று வைக்காதீர்கள் என்றேன்.

"இந்தக் காய் இறங்கட்டும் தம்பி" என்றவர், அடுத்த மரத்தின் தூரில் மண்ணைத் தள்ளத் தொடங்கினார்.