ஸுகோய்! – சில குறிப்புகள்

• ஜப்பானிய மொழி படிக்கப் போகிறவருக்கு முதலில் ஒட்டிக்கொள்ளும் பாராட்டுச் சொல் 'ஸுகோய்'. பிரமாதம் என்று பொருள். பழைய மொழியில் அதற்கு நடுங்கவைப்பது என்று அர்த்தம். ராமென் ருசித்தால் இளைஞர்கள் சொல்லும் 'யாபாய்'க்கும் மூலப்பொருள் ஆபத்துதான். நாமும் 'பயங்கரமா நடிச்சிருக்கார்' என்கிறோமே!

• 'ஜோஸு' என்றால் கைதேர்ந்தவர். 'மேல்', 'கை' என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுவார்கள். வெளிநாட்டவர் ஒரு வணக்கம் சொன்னால் போதும், 'நிஹோங்கோ ஜோஸு' (ஜப்பானிய மொழியில் கைதேர்ந்தவர்) என்று வந்துவிடும். பெரும்பாலும் அது உபசாரம். உண்மையிலேயே நன்றாகப் பேச ஆரம்பித்ததும் அந்தப் பாராட்டு நின்றுபோகும் என்பது அங்கே குடியேறியவர்களின் வேடிக்கைப் பேச்சு.

• புகழ்ந்தால் உடனே வாங்கிக்கொள்வது அழகல்ல. முகத்துக்கு முன்னால் கையை ஆட்டி, 'மாதா மாதா தெஸ்' என்பார்கள். இன்னும் எவ்வளவோ கற்க வேண்டும் என்று பொருள்.

• மேலதிகாரியிடம் 'ஜோஸு' சொன்னால் வம்பு. மதிப்பெண் போட நீ யார் என்றாகிவிடும். 'பெங்க்யோ நி நாரிமாஷ்தா' என்பதே பாதுகாப்பு: எனக்குப் பாடமாக இருந்தது. அவரை எடைபோடாமல், தனக்குக் கிடைத்ததைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம்.

• 'ஸாஸுகா': நீங்களாச்சே, கேட்கணுமா! இன்றைய வேலையோடு, இத்தனை நாள் சம்பாதித்த பெயரையும் சேர்த்துப் புகழும் சொல்.

• சமையலில் ஸா-ஷி-ஸு-ஸே-ஸோ என்றொரு வாய்பாடு உண்டு: சர்க்கரை, உப்பு, வினிகர், சோயா சாஸ், மிஸோ. ஆளைக் குளிர்விக்கும் பேச்சுக்கும் அதே வரிசை: ஸாஸுகா, ஷிரானாகட்டா (எனக்குத் தெரியவே தெரியாது), ஸுகோய், ஸென்ஸு (நல்ல ரசனை), ஸோ நான் தா (அப்படியா!). கடைசியில் இருப்பது புகழ்ச்சியே இல்லை. காது கொடுப்பது மட்டும். அதற்கும் பட்டியலில் இடம் கொடுத்தவர் மனிதரை அறிந்தவர்.

• கபுகி நாடக அரங்கில் நடிகர் விறைத்து நிற்கும் கணத்தில், மாடியின் பின்வரிசையிலிருந்து பாராட்டுக் குரல் பாயும். கத்துவது அவர் பெயரையல்ல, பரம்பரையின் பட்டப்பெயரை. இச்சிகாவா தாஞ்சுரோவுக்கு 'நாரிதாயா!' ஒரு நொடி தப்பினால் காட்சியே கெட்டுவிடும்.

• வாணவேடிக்கைக்கு இரண்டு கூச்சல்கள்: 'தாமாயா!', 'காகியா!' எடோ நகரில் (இன்றைய டோக்கியோ), சுமிதா ஆற்றங்கரையில் போட்டி போட்ட வாணக்காரர்களின் கடைப்பெயர்கள் அவை. 1843-இல் தாமாயாவில் தீப்பிடித்தது. கடைக்காரரை நகரைவிட்டே துரத்தினார்கள். இன்றும் வானத்தில் பூ விரிந்தால் கூட்டம் கூவுவது 'தாமாயா!'