மண்டபத்துல ரசீது ஏன் தாமதமாகுது?

 

கொஞ்ச நாளா மண்டப கவுண்டருக்கு வர்ற சிலருக்கு வருத்தம். "லைன் இல்லன்னா ரசீதே போட மாட்டேங்கிறீங்க. கோயில் ஃபைலை இங்கயும் ஒரு காப்பி வச்சுக்கலாமே"ன்னு கேட்கிறாங்க. நியாயமான கேள்விதான். விளக்கம் சொல்லக் கடமைப்பட்டிருக்கோம்.

நம்ம உபயம், அர்ச்சனை, பால்குடப் பதிவு எல்லாம் மைக்ரோசாப்ட் ஆக்சஸ்ல இருக்கு. அதை ரெண்டா பிரிச்சு வச்சிருக்கோம். பேரு, நட்சத்திரம், தேதி, பணக் கணக்கு உள்ள பாகம் கோயில் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல. ரசீது அடிக்கிற பாகம் ஒவ்வொரு கவுண்டர்லயும் தனித்தனியா. ஒரே கட்டடத்துல, வயர்ல இணைச்சிருக்கிற வரைக்கும் இது நல்லா ஓடும்.

மண்டபம் அப்படியில்ல, நடுவுல இன்டர்நெட். பதிவு எழுதும்போது லைன் அறுந்தா அந்தக் கோப்பே கெட்டுப்போகலாம். அப்புறம் ஒருத்தர் ரசீது மட்டுமில்ல, எல்லார் பதிவும் நின்னுடும்.

சரி, கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ்ல போடலாமான்னா, அதுவும் ஆபத்துதான். உள்ளே யாரு பேரு, எந்தத் தேதின்னு அதுக்குத் தெரியாது. கோப்பை மட்டும்தான் தெரியும். ரெண்டு இடத்துலயும் ஒரே நேரத்துல எழுதினா ரெண்டு கோப்பாயிடும், இல்லன்னா ஒண்ணை இன்னொண்ணு அழிச்சிடும்.

வேறொரு கோயில்ல இப்படித்தான் ஒரே நாள் உபயத்துக்கு ரெண்டு குடும்பம் ரசீதோட வந்து நின்னாங்க. ஒருத்தர் குழந்தை வரத்துக்கு நேர்ந்துகிட்டது, இன்னொருத்தர் அம்மா உடம்பு தேறினதுக்கு. யாரை விலகச் சொல்றது?

பேக்டரியில ஷிப்டு மாறும்போது ஒரே லாக் புக்தான் இருக்கும். ரெண்டு புக் வச்சா எது உண்மைன்னு யாருக்கும் தெரியாது. கோயில் கணக்கும் அப்படித்தான்.

அதனால மண்டபத்துக்குக் கோப்பு போறதில்ல, திரை மட்டும்தான் போகுது. இதுக்கு ரிமோட் டெஸ்க்டாப்னு பேரு. கோயில் ஆபீஸ்ல மண்டபத்துக்குன்னே ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. மண்டபத்துத் தம்பி தங்கச்சிங்க அங்கிருந்தே அதை இயக்குறாங்க. எழுதுற வேலையெல்லாம் கோயிலுக்குள்ளயே நடக்குது. லைன் போனா திரைதான் மறையும். வந்ததும் விட்ட இடத்துல இருந்து தொடரலாம். வெளியாள் நுழையாம இருக்க வி.பி.என். வழியா மட்டும்தான் திறக்கும்.

லைன் இல்லாதப்போ உங்க பேரையும் போன் நம்பரையும் எழுதி வாங்குவாங்க. அது வரிசைக்கு மட்டும்தான். ரசீது கையில வந்தாதான் தேதி உறுதி. வாங்கினதும் பேரு, நட்சத்திரம், தேதி மூணையும் அங்கயே சரிபாருங்க.

ஆக்சஸ் கோப்பு 2 ஜிபி வரைதான் தாங்கும். பதிவு கூடக்கூட எஸ்.கியூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸுக்கு மாறணும். அது இலவசம்தான், பார்த்துக்கத்தான் ஆள் வேணும். கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளைங்க வீட்டுல இருந்தா ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிஞ்சதும் ஆபீஸுக்கு அனுப்பி வைங்க. அதுவும் ஒரு தொண்டுதான்.

முருகா சரணம்.