நூறு பேருக்கு எவ்வளவு அரிசி போடணும்?

ஓம் முருகா. 

வழக்கமா நான் இங்க உபயக்காரர் பேரும் அன்னதான நேரமும்தான் போடுவேன். இன்னைக்குக் கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க. போன மாசம் கோவில் வாசல்ல செருப்பைக் கழட்டிக்கிட்டு இருந்தப்ப ஒருத்தர், "என்ன அண்ணே, சாமி சமையலை ஆன்லைன்ல விக்கிறீங்களாமே"னு கேட்டாரு. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு. ஆனா எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. நாலு பேர் நாலு விதமா பேசுறதுக்கு முன்னால நடந்ததை நானே சொல்லிடறேன்.

எனக்கு வயசு 57. படிப்பு எஸ்.பி.எம். பீடோங் பக்கம் கித்தாத் தோட்டத்துல பொறந்து வளர்ந்தவன். அப்பா அம்மா ரெண்டு பேரும் பால்வெட்டு. சுங்கைப்பட்டாணியில ஒரு தொழிற்சாலையில ஆபரேட்டரா சேர்ந்து, இப்ப சூப்பர்வைசர். தனியார் வேலைக்காரங்களுக்கு ஓய்வு வயசை 2013-லதான் 60 ஆக்கினாங்க. அதனால எனக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு. ஆனா ஈ.பி.எஃப். பணத்தை 55-லயே எடுக்கலாம். அந்த 55-க்கும் 60-க்கும் நடுவுல இருக்கிற ஆளைத் தேடி எங்கிருந்தெல்லாம் ஆள் வர்றாங்க தெரியுமா? எனக்கும் வந்தாங்க.

"உங்க அனுபவமே உங்க மூலதனம், அதை ஆன்லைன் வியாபாரமா மாத்துங்க"னு ஒரு ரெண்டு நாள் வகுப்பு. ஓட்டல்ல நடந்துச்சு, குளிரூட்டி, கேக், காப்பி எல்லாம் உண்டு. 1,800 வெள்ளி கட்டினேன். யாரு நடத்தினாங்கன்னு எழுதப் போறதில்ல, அது இப்ப தேவையும் இல்ல. மேடையில இருந்தவரு எங்களைக் கைதட்ட வச்சாரு, எழுந்து நின்னு கத்த வச்சாரு. ரெண்டாம் நாள் சாயந்தரம், "உண்மையான ரகசியம் அடுத்த வகுப்புல, 6,000 வெள்ளி"ன்னாரு. வீட்டுக்கு வந்து பொண்டாட்டி முகத்தைப் பார்க்க முடியல. அவ ஒண்ணும் சொல்லல. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

என் மகதான் ஒரு நாள், "அப்பா, அந்த ஆளு சொன்னது பொய்யில்ல. ஆனா அவருக்கு வியாபாரமே அந்த வகுப்புதான். நிஜமா செஞ்சவங்களைப் பாருங்க"ன்னு ரெண்டு பேரைக் காட்டினா.

முதல் ஆளை உங்களுக்கும் தெரியும். பேராக்குல சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்துல இருந்த பவித்ரா, அவங்க கணவர் சுகு. 2020-ல நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து நாம எல்லாம் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தப்ப அவங்க சமையல் வீடியோ நாடு முழுக்க ஓடுச்சு. ஜூன் 5-ந் தேதி அப்போதைய பிரதமர் முகிதீன் யாசின் பொருளாதார மீட்சித் திட்டத்தை அறிவிச்ச உரையிலயே பவித்ரா பேரைச் சொன்னாரு. அந்த உரையை நானும் டி.வி.யில பார்த்தேன். தோட்டத்துப் பொண்ணு பேரை ஒரு பிரதமர் சொல்றாருன்னதும் எங்க வீட்டுல அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

அந்தப் பொண்ணு சமைச்சது என்ன? நம்ம வீட்டுல தினமும் செய்ற குழம்பு, பிரட்டல். நம்ம அக்காமாருக்கு அதுல புதுசா ஒண்ணும் இல்ல. ஆனா அவங்க அதை அழகான மலாய்ல, நிதானமா, பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொல்ற மாதிரி சொன்னாங்க. இத்தனை வருஷம் நம்ம கறி வாசனை மட்டும் தெரிஞ்சிருந்த மலாய்க்காரங்க அன்னைக்குத்தான் நம்ம அடுப்படிக்குள்ள வந்து பார்த்தாங்க. நமக்குச் சாதாரணமா இருக்கிறது அடுத்த வீட்டுக்குத் தெரியாத சங்கதியா இருக்கலாம்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சது. புகழோட சேர்ந்து அவங்க குடும்பத்துக்குள்ளயும் ஊர் எட்டிப் பார்த்துச்சு. அது எனக்குப் பிடிக்கல, அதைப் பத்திப் பேசவும் மாட்டேன்.

ரெண்டாவது, தமிழ்நாட்டுல புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலம். வில்லேஜ் குக்கிங் சேனல். (அவங்க பெரும்பாலும் அசைவம்தான் சமைப்பாங்க. கோவில் பக்கத்துல சொல்றதுக்கு முருகன் மன்னிக்கணும்.) பெரியதம்பி தாத்தாவுக்குச் சமையல்தான் தொழிலா இருந்துச்சு. அவரு பேரப்பசங்க 2018-ல தாத்தாவை வச்சு ஆரம்பிச்சாங்க. வயல்வெளியில பெரிய அண்டா, விறகு அடுப்பு, அம்மிக்கல், அவ்வளவுதான். 2021-ல ஒரு கோடி சந்தாதாரரைத் தாண்டின முதல் தமிழ் யூடியூப் சேனல் அதுதான். அந்த வருஷமே கொரோனா நிதிக்கு 10 லட்சம் ரூபாயை முதலமைச்சர்கிட்ட கொடுத்தாங்க. அடுத்த வருஷம் 'விக்ரம்' படத்துலயும் வந்தாங்க. சமைச்சதைக் கீழே கொட்டறதில்ல, ஊர் ஆளுங்களுக்கும் ஆதரவு இல்லாதவங்களுக்கும் போடுவாங்க. அதைப் பார்த்ததும் எனக்கு நம்ம மடப்பள்ளி ஞாபகம் வந்துச்சு.

மகள் கேட்டா: "அப்பா, கோவில்ல ஆளுங்க உங்ககிட்ட அடிக்கடி வந்து என்ன கேக்குறாங்க?"

யோசிச்சுப் பார்த்தேன். ஒரே கேள்விதான். "அண்ணே, வீட்டுல விசேஷம், நூறு பேர் வர்றாங்க, எவ்வளவு அரிசி போடணும்?" கல்யாணப் பரிசம், வளைகாப்பு, பதினாறாம் நாள் காரியம், எதுக்கும் எனக்குப் போன் வரும். கோலா கெடாவுல இருக்கிற ஒரு அக்கா ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டு, சாம்பார்ல உப்பு ஏறிப்போச்சு, எண்பது பேர் காலையில வர்றாங்கன்னு அழுதாங்க.

இது எனக்கு வந்த கதையைச் சொல்லணும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால நம்ம மடப்பள்ளியில சமைச்ச பெரியவரைப் பலருக்கு ஞாபகம் இருக்கும். நான் பெரியப்பான்னு கூப்பிடுவேன். கையாலதான் அளப்பாரு. நான் தொழிற்சாலை ஆளு. எங்க லைன்ல முப்பது வருஷம் இருந்த ஒரு மலாய்க்கார அண்ணன் மெஷின் சத்தத்தைக் கேட்டே பேரிங் போகப் போகுதுன்னு சொல்லிடுவாரு. அவரு ஓய்வு பெற்ற அடுத்த மாசம் லைன் ரெண்டு நாள் நின்னுச்சு. அதைப் பார்த்த பயத்துல, பெரியப்பா கை அண்டாவுக்குப் போறதுக்கு முன்னால நான் தராசை நீட்டுவேன். திட்டுவாரு. ஆனாலும் போடுவாரு. அப்படி எழுதின நோட்டு இப்ப மூணு ஆகிடுச்சு.

நூறு பேருக்கு வெள்ளிக்கிழமை ராத்திரின்னா 10 கிலோ அரிசி, திருவிழா மத்தியானம்னா 12. சாம்பாருக்குத் துவரம்பருப்பு இரண்டரை கிலோ, புளி அரை கிலோ. வீட்டு அளவை அப்படியே பெருக்கக் கூடாது. நாலு பேர் சாம்பாரை இருபத்தஞ்சால பெருக்கினா உப்பும் காரமும் தூக்கிடும், முக்கால் பங்குல நிறுத்தி ருசி பார்த்துத்தான் மேல போகணும். தைப்பூசத்துல காவடி இறக்கினவங்க சோறு கம்மியாத்தான் எடுப்பாங்க, மோர் ரெண்டு மடங்கு வேணும். மழை பெஞ்சா கூட்டம் குறையும்னு நினைச்சு அரிசியைக் குறைச்சிடாதீங்க. வந்தவங்க வீட்டுக்குப் போக முடியாம உக்காந்து ரெண்டாவது தடவையும் சாப்பிடுவாங்க. இதெல்லாம் எந்தப் புத்தகத்துல இருக்கு?

மகள் கைப்பேசியில வீடியோ எடுத்தா. முகநூல்லயும் யூடியூப்லயும் போட்டோம். யூடியூப்ல விளம்பரப் பணம் வரணும்னா 1,000 சந்தாதாரர் வேணும், ஒரு வருஷத்துல 4,000 மணி நேரம் ஜனங்க பார்த்திருக்கணும். எங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் 312 பேர். அந்த வழியில ஒரு சென் கூட வரல. ஆனா பார்த்தவங்க எல்லாரும் ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "அந்தச் சாம்பார்த்தூள் எங்க கிடைக்கும்?" நூறு பேருக்கு ஒரு பொட்டலம், ஐம்பது பேருக்கு ஒரு பொட்டலம்னு போட்டுக் கொடுத்தா என்னன்னு மகளுக்குத் தோணுச்சு.

எனக்கு மனசு ஒப்பல. பெரியப்பா ஒரு சென் வாங்காம சமைச்சவரு. அவரு போய் ஆறு வருஷம் ஆச்சு. அதனால பெரியம்மாகிட்ட அனுமதி கேட்கப் போனேன். 74 வயசு, மக வீட்டுல இருக்காங்க. பழம், வெத்தலை பாக்கு வச்சு, "பெரியப்பா தூளை விக்கலாமான்னு கேட்க வந்தேன்"னேன்.

பெரியம்மா என்னை ரொம்ப நேரம் பார்த்தாங்க. "அவரு தூளா? அவரு கிண்டுனாரு தம்பி. அரைச்சது யாரு?"

எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. பதினாறு வருஷம் அந்த மனுஷன் பக்கத்துல நின்னு எழுதியிருக்கேன். டின் வீட்டுல இருந்து வரும், அதுல 400 கிராம் எடுத்தாருன்னுதான் எழுதினேன். டின்னுக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. என் மூணு நோட்டுலயும் பெரியம்மா பேரே இல்ல. ஒரு நல்ல சூப்பர்வைசர் மூலப்பொருள் எங்கிருந்து வருதுன்னு கேட்காம இருப்பானா?

அன்னைக்கு அவங்க சொல்லச் சொல்ல நாலாவது நோட்டு ஆரம்பிச்சேன். மல்லியைத் தனியா வறுக்கணும், மிளகாயைத் தனியா. வெந்தயம் நிறம் மாறினதும் இறக்கிடணும், ஒரு நிமிஷம் தாண்டினா மொத்தமும் கசக்கும். கடலைப்பருப்பு, மிளகு, பெருங்காயம், கறிவேப்பிலை. மில்லுல அரைச்சு வந்த சூட்டோட டின்ல அடைக்கக் கூடாது, பேப்பர்ல பரப்பி ஆற வைக்கணும், இல்லன்னா உள்ள வேர்த்துப் பூச்சி பிடிக்கும். தோட்டத்துல இருந்தப்ப லயத்து வாசல்ல சாக்கு விரிச்சுக் காய வைப்பாங்களாம், மழை வந்தா மொத்த லயமும் ஓடி வந்து அள்ளுமாம்.

இப்ப பெரியம்மா சரின்னு சொன்னாத்தான் தூள் பொட்டலத்துக்குள்ள போகும். வீடியோவுல முகம் வேணாம்னுட்டாங்க, கை மட்டும் தெரியும். லாபத்துல பாதி அவங்களுக்கு. வேணாம்னுதான் சொன்னாங்க. நான் மாசக் கடைசியில கவர்ல வச்சுச் சாமி படத்துக்கு முன்னால வச்சிட்டு வந்துடுவேன். மூணாவது மாசம் போனப்ப, "ஏன் போன மாசத்தைவிடக் குறைச்சலா இருக்கு"ன்னு கணக்குக் கேட்டாங்க. அன்னைக்குத்தான் எனக்கு நிம்மதி.

நாம செய்றது சட்டப்படி இருக்கணும்கிறவங்களுக்காகச் சொல்றேன். எஸ்.எஸ்.எம்.-ல பதிவு செஞ்சாச்சு. சொந்தப் பேர்ல தொழில் பதிஞ்சா வருஷத்துக்கு 30 வெள்ளி, வேற கடைப் பேர் வச்சா 60. ஆரம்பிச்சு 30 நாளுக்குள்ள பதியணும், வீட்டுல இருந்தபடியே இணையத்துல செய்யலாம். உணவைக் கையாள்றவங்களுக்கான வகுப்புக்கு நானும் மகளும் போனோம், டைபாய்டு ஊசியும் போட்டுக்கிட்டோம். அந்த வகுப்புக் கட்டணம் ஓட்டல்ல கட்டின 1,800-க்குப் பக்கத்துல வராது. கத்துக்கிட்டது அதைவிட அதிகம். முதல் மாசம் 11 பொட்டலம் போச்சு. இப்ப மாசம் எழுபது, எண்பது. என் சம்பளத்தோட ஒப்பிட்டா இது சின்னக் காசுதான். 60 வயசுல காலையில எழுந்து போறதுக்கு ஒரு வேலை இருக்குமே, அதுக்காகத்தான்.

இனி வாசல்ல கேட்டவருக்குப் பதில். கோவில் மடப்பள்ளிக்குப் போற தூளுக்கு நாங்க காசு வாங்கறதில்ல, பெரியம்மா அந்தக் காலத்துல கொடுத்த மாதிரியே போகுது. பொட்டலத்துல கோவில் பேரோ சாமி படமோ கிடையாது. ஒருத்தர் வேல் படம் போட்டா நல்லா விக்கும்னாரு, முடியாதுன்னுட்டேன். சாப்பிட்டுட்டுக் குப்பையில போடற கவர்ல முருகனை எப்படி அச்சடிக்கிறது? இந்தப் பக்கத்துல என் நம்பரும் போட மாட்டேன். அளவு நோட்டை மட்டும் பக்கம் பக்கமா படம் எடுத்து இங்க போடறேன், யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம், காசு வேணாம். பெரியப்பாவும் பெரியம்மாவும் கோவிலுக்குன்னு கொடுத்த அளவு அது. தூள் வெயில்ல காய்ஞ்சு, மில்லுக்குப் போய், பெரியம்மா இடுப்பு வலியோட உக்காந்து சலிச்சது. அதுக்குக் காசு வாங்கறது தப்புன்னு நினைக்கிறவங்க நேர்ல வந்து சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டேன்.

நோட்டுல என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்க யாராவது தட்டச்சு செஞ்சு கொடுத்தா புண்ணியமா போகும். அப்புறம், இந்த வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் நறுக்க ரெண்டு பேர் குறையுது. சாயந்தரம் 4 மணிக்கு மடப்பள்ளிக்கு வந்துடுங்க. கத்தி வீட்டுல இருந்து கொண்டு வந்தா நல்லது, நம்ம கோவில் கத்தி மொட்டை.

முருகா சரணம்.