எஃப்2 அழுத்தினால் வெளிச்சம் கூடுகிறது

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. கம்ப்யூட்டர்கள் அன்றைக்கே நின்றுவிடவில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வராது, வேண்டுமானால் இன்னும் ஓராண்டுக்கு நீட்டித்துக்கொள்ளலாம் என்றார்கள். விண்டோஸ் 11க்கு ஏறலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசசராக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஆகாது. 2015, 2016 வாக்கில் வாங்கிய லேப்டாப்புகள் இதில் மொத்தமாக மாட்டிக்கொண்டன. கீபோர்டு நன்றாக இருக்கிறது, ஸ்கிரீனில் ஒரு கோடு இல்லை, எஸ்எஸ்டி மாற்றிய பிறகு வேகத்திலும் குறையில்லை. ஆனாலும் காலாவதி. “எப்படியும் புதுசு வாங்கணும், பேசாம மேக்கே வாங்கிடலாமா?” என்ற பேச்சு பல வீடுகளில் அப்போதுதான் ஆரம்பித்தது.

சென்னையை ஒட்டிய குன்றத்தூரில் இந்தப் பேச்சுக்குத் தனி ருசி உண்டு. காலை ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்கள் இந்த ஊரைத் தொட்டுக்கொண்டுதான் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் போகின்றன. ஸ்ரீபெரும்புதூரில் டெல் 2007இல் ஆலை திறந்து கம்ப்யூட்டர் செய்ய ஆரம்பித்தது. அங்கேயே நோக்கியா 2006இல் தொடங்கி 2014இல் மூடிய ஆலையை சால்காம்ப் வாங்கியது. ஆப்பிளுக்கு சார்ஜர் செய்து கொடுக்கும் கம்பெனி அது. சுங்குவார்சத்திரத்தை ஒட்டிய ஃபாக்ஸ்கான் ஆலையில் 2019இல் ஐபோன் எக்ஸ்ஆர் பூட்ட ஆரம்பித்து, 2022இல் ஐபோன் 14 உலகச் சந்தைக்கு வந்த அதே மாதத்தில் இங்கேயும் பூட்டப்பட்டது. ஆக விண்டோஸ் லேப்டாப்பும் உள்ளூர், ஐபோனும் உள்ளூர். மேக்புக் மட்டும் சீனாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வருகிறது. விலையும் அப்படித்தான்: 2020 நவம்பரில் எம்1 சில்லோடு வந்த மேக்புக் ஏர் 92,900 ரூபாயில் தொடங்கியது, 2025 மார்ச்சில் வந்த எம்4 ஏர் 99,900 ரூபாயில். இஎம்ஐ இல்லாமல் வாங்குகிறவர்கள் குறைவு.

வாங்கியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆலையில் உற்பத்திக் கணக்குப் பார்க்கிற ஒருவர், ஞாயிற்றுக்கிழமை மேக்கில் எக்செல் கோப்பைத் திறக்கிறார். ஒரு கட்டத்துக்குள் இருக்கும் எண்ணைத் திருத்த வேண்டும். விரல் தானாக எஃப்2க்குப் போகிறது. கட்டம் திறக்கவில்லை, திரையின் வெளிச்சம் கூடுகிறது. மறுபடி அழுத்துகிறார், இன்னும் கூடுகிறது. ஃபார்முலாவில் டாலர் குறி போட எஃப்4 அழுத்தினால் தேடல் பெட்டி ஒன்று நடுத்திரையில் வந்து நிற்கிறது. மேக்கின் மேல்வரிசை விசைகள் முதலில் வெளிச்சம், ஒலி, தேடல் என்ற வேலைகளைத்தான் பார்க்கும். எஃப்2 வேண்டுமென்றால் மூலையில் உள்ள எஃப்என் விசையைச் சேர்த்து அழுத்த வேண்டும், அல்லது செட்டிங்ஸில் போய் இந்த வரிசையை மாற்றிவைக்க வேண்டும். தெரிந்துவிட்டால் அரை நிமிட வேலை. தெரியாதவரை, பத்து வருடமாக எக்செல்லில் ஊறிய மனிதர் புதிதாகக் கம்ப்யூட்டர் கிளாஸில் சேர்ந்தவர்போல உட்கார்ந்திருக்கிறார்.

எண்டர் விசை இன்னொரு தொல்லை. விண்டோஸில் ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்து எண்டர் தட்டினால் அது திறக்கும். மேக்கில் அதன் பெயரை மாற்றச் சொல்லும். “அப்பா, எண்டரைத் தட்டாதீங்க, பேரு மாறிடும்” என்று பக்கத்திலிருந்து பிள்ளைகள் எச்சரிக்கும் வீடுகள் உண்டு. கோப்பை ஒரு ஃபோல்டரிலிருந்து வெட்டி இன்னொன்றில் ஒட்டலாம் என்றால், வெட்டுவதற்கான வழியே கிடையாது. முதலில் நகலெடுக்க வேண்டும். ஒட்டும்போது கமாண்டோடு ஆப்ஷன் விசையையும் சேர்த்தால்தான் பழைய இடத்திலிருந்து அது நகரும். யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது, பாதியில் கோப்பு காணாமல் போகாது. ஆனால் அவசரத்தில் இருக்கிறவருக்கு அந்த யோசனையெல்லாம் வராது. சிவப்புப் பொத்தானை அமுக்கினால் ஜன்னல் மூடும், நிரல் மூடாது. கீழே வரிசையில் ஒரு சின்னப் புள்ளியோடு அது உயிரோடு இருக்கும்.

இத்தனைக்கும் வெட்டு, நகல், ஒட்டு என்ற இந்த ஏற்பாடே ஆப்பிள் வழியாகத்தான் உலகத்துக்குப் பரவியது. 1970களில் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் லாரி டெஸ்லர் என்பவர் சகாவோடு சேர்ந்து அதை வடிவமைத்தார். பிறகு ஆப்பிளுக்குப் போய் லீசா கம்ப்யூட்டரில் வேலை செய்தார். கீபோர்டின் கீழ்வரிசையில் அடுத்தடுத்து இருக்கும் நான்கு எழுத்துகளுக்கு செயல்தவிர், வெட்டு, நகல், ஒட்டு என்ற வேலைகளைக் கொடுத்தது அங்கேதான். 1984இல் மேகின்டாஷோடு அது பரவலானது. தொடக்க கால விண்டோஸில் ஒட்டுவதற்கு ஷிஃப்டும் இன்ஸர்ட்டும் அழுத்த வேண்டியிருந்தது; ஆப்பிளின் எழுத்துகளை மைக்ரோசாஃப்ட் பிற்பாடு எடுத்துக்கொண்டு, கமாண்டுக்குப் பதிலாக கன்ட்ரோலைப் போட்டது. ஆக, மேக்குக்கு மாறுகிறவர் எழுத்துகளைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. சுண்டுவிரல் செய்த வேலையைக் கட்டைவிரலுக்கு மாற்றிக் கொடுத்தால் போதும். ஆபீஸில் விண்டோஸ், வீட்டில் மேக் என்று இருப்பவர்களுக்குத்தான் தினமும் இரண்டு முறை இந்த மாற்றம். அவர்கள் எந்தப் பக்கமும் முழுதாகப் பழகுவதில்லை.

பழைய ஹார்ட் டிஸ்க்கைச் சொருகும்போது வேறொரு விஷயம் தெரியவரும். கல்யாண போட்டோ, பிள்ளைகளின் முதல் பிறந்தநாள் வீடியோ எல்லாம் அதில் இருக்கின்றன. திறக்கிறது, பார்க்க முடிகிறது. புதிதாக ஒன்றைப் போட முடியவில்லை. என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கை மேக் படிக்கும், எழுதாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் இரண்டிலும் ஓடும். ஆனால் மாற்றும்போது உள்ளே இருப்பது அழியும் என்பதால், முதலில் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் எடுத்துவைக்க வேண்டும். இரண்டாவது டிஸ்க்கின் செலவை யாரும் மேக்கின் விலையோடு சேர்த்துச் சொல்வதில்லை.

இனி தமிழ். இந்த இடத்தில் மேக் ஆச்சரியப்படுத்தும். எதையும் இறக்க வேண்டாம். கீபோர்டு செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்தால் அஞ்சல், தமிழ்99 இரண்டும் காத்திருக்கும். முதலாவது, ஆங்கில எழுத்தில் ஒலிப்பைத் தட்டினால் தமிழாக விழும். இரண்டாவது, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தட்டச்சு முறை. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. மகரத்தை இரண்டு முறை தட்டினால் முதல் மகரம் தானே புள்ளி வாங்கிக்கொள்ளும். அதில் பழகியவர்களின் வேகத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் நம்ப முடியும்.

மேக்கில் தமிழ் இப்படி வாங்கும்போதே உட்கார்ந்திருப்பதற்குப் பின்னால் மலேசியத் தமிழர் ஒருவர் இருக்கிறார். 1980களின் நடுவில் முரசு அஞ்சல் மென்பொருளைத் தொடங்கிய முத்து நெடுமாறன். மேக்கோடு வரும் இணைமதி எழுத்துரு அவர் வடித்தது. ‘தமிழ் சங்கம் எம்என்’ என்று எழுத்துருப் பட்டியலில் ஒரு பெயரைப் பார்க்கலாம்; அந்த எம்என் அவருடைய பெயரின் முதலெழுத்துகள். மலையாளம், தெலுங்கு, கன்னடம், சிங்களம் என்று பட்டியலில் இன்னும் கீழே போனாலும் பல எழுத்துருக்களின் வாலில் அதே எம்என் நிற்கும். சிங்கள எழுத்தையும் ஒரு தமிழர் வரைந்து உலகம் முழுக்கப் போகிற கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறார் என்ற செய்தி நம் பத்திரிகைகளில் இன்னும் கொஞ்சம் அடிபட்டிருக்கலாம். விண்டோஸ் 2000லேயே லதா எழுத்துருவோடு யூனிகோடு தமிழைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் தமிழ்99 விசைப்பலகை விண்டோஸுக்குள் தானாக வந்து சேர விண்டோஸ் 10 காலம் ஆயிற்று. நடுவில் இருந்த ஆண்டுகளை அழகி, என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருள்கள்தான் தாங்கின.

அந்தத் தாங்கல்தான் இன்றைக்கு மாறுகிறவரைப் பின்னால் இழுக்கிறது. என்எச்எம் ரைட்டர் விண்டோஸுக்காக எழுதியது. பத்திரம் எழுதும் இடங்களிலும் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைகளிலும் ஓடுகிற வானவில், பாமினி எழுத்துரு உலகமும் விண்டோஸ் உலகம்தான். பாமினியில் அடித்த கோப்பை மேக்கில் திறந்தால், எழுத்துரு இல்லாதபோது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். எழுத்துருவைக் கொண்டுவந்து போட்டால் படிக்கலாம். திருத்த உட்கார்ந்தால் பழைய டைப்ரைட்டர் முறையில் பழகிய விரலுக்கு இடம் இல்லை. “சார், வேர்டு ஃபைலா அனுப்புங்க, யூனிகோடு வேணாம், நம்ம ஃபான்ட்லயே அனுப்புங்க” என்று கடைக்காரர் கேட்கும்வரை வாடிக்கையாளரும் பழைய லேப்டாப்பைத் தூக்கிப்போட முடியாது.

குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். அவருடைய பெரியபுராணத்தை இன்றைக்கு யாரும் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறந்து படிக்கலாம் என்றால், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் அதற்கு முக்கியக் காரணம். திட்டத்தை முன்னின்று நடத்தியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம். அவர் செய்து இலவசமாகக் கொடுத்த மயிலை எழுத்துருவை மேக், விண்டோஸ், யூனிக்ஸ் மூன்றுக்கும் வெளியிட்டார். உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் தங்களிடம் இருந்த ஏதோ ஒரு மெஷினில் அடித்து அனுப்பினார்கள். மெஷின் பேதம் பார்க்காமல் வேலை நடக்க வேண்டும் என்பதை அப்போதே ஒருவர் யோசித்துச் செய்திருக்கிறார். டிடிபி தொழில் அப்படி யோசிக்கவில்லை.

ஆனால் இந்தப் பகுதியில் மேக்குக்குப் போகிறவரின் காலைப் பிடித்து நிறுத்துவது முக்கியமாகத் தமிழ் அல்ல. பட்டறை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி வாகன உதிரிபாகம் செய்யும் யூனிட்டுகளில் டிசைன் மேஜையில் ஓடுவது சாலிட்வொர்க்ஸ் அல்லது கேட்டியா. இரண்டுக்கும் மேக் பதிப்பு இல்லை. மோல்டுக்கு டூல் பாதை போடும் மாஸ்டர்கேமுக்கும் இல்லை. ஆட்டோகேட் மட்டும் 2010இல் மேக்குக்குத் திரும்பி வந்தது. கன்வேயரை ஓட்டும் பிஎல்சிக்கு நிரல் எழுதும் சீமென்ஸ் டிஐஏ போர்ட்டல், மிட்சுபிஷியின் ஜிஎக்ஸ் வொர்க்ஸ் எல்லாம் விண்டோஸை விட்டு நகராதவை. கணக்குப் பிரிவுக்குப் போனால் டாலி. மெயின்டனன்ஸ் இன்ஜினியரிடம் மேக் பற்றிப் பேச்செடுத்தால் “நல்லாத்தான் இருக்கும். லைன் நின்னா அதை வெச்சு என்ன பண்றது?” என்பார். அவர் கேட்பது நியாயம். அவருக்கு லேப்டாப் என்பது ஸ்பேனர் செட்டில் ஒன்று. நட்டுக்குப் பொருந்துவதைத்தான் எடுக்க முடியும்.

ஊரே ஒரே விண்டோஸில் இருப்பதன் விலையையும் இந்தப் பகுதி பார்த்திருக்கிறது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பிணைத்தொகை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியபோது, பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் ரெனோ, நிசான் ஆலைகள் பாதிக்கப்பட்டன. ஒரகடத்தில் உள்ள அப்போதைய ரெனோ–நிசான் ஆலையிலும் உற்பத்தி பாதிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. வைரஸ் நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. ஆலைகளில் அதை உடனே போட முடிவதில்லை. மெஷினோடு வந்த கம்ப்யூட்டரில் எதையாவது அப்டேட் செய்து லைன் நின்றுபோனால் யார் பொறுப்பு என்ற பயம். அதனால்தான் சிஎன்சி மெஷின்களின் திரைக்குப் பின்னால் விண்டோஸ் எக்ஸ்பி இன்றும் அங்கங்கே மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது. மேக்கில் வைரஸே வராது என்பதும் வெறும் பேச்சுதான். மேக்கைத் தாக்கும் நிரல்கள் உண்டு, அவற்றைத் தடுக்க ஆப்பிளே எக்ஸ்புரொடெக்ட் என்ற காவலை உள்ளே வைத்திருக்கிறது.

ஆக இங்கே மேக் வாங்குகிறவர்கள் யாரென்று பார்த்தால், ஆலை வாசலுக்கு உள்ளே வேலை இல்லாதவர்கள்தான் அதிகம்: பழைய மகாபலிபுரம் சாலை ஐடி கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்கள், கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள். எம்1இலிருந்து வந்த ஏரில் விசிறியே கிடையாது. மே மாத வெயிலில் கரன்ட் போன மத்தியானத்திலும் சத்தமில்லாமல் பேட்டரியில் பல மணி நேரம் ஓடும். இதை அனுபவித்தவர்கள் திரும்பிப் போக விரும்புவதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே ஆலைக்காரர்களில் சிலரும் துணிந்து வாங்குகிறார்கள்.

வாங்கிய பிறகு மேக்குக்கு உள்ளேயே விண்டோஸைப் போடுகிறார்கள். இன்டெல் காலத்தில் 2006இலிருந்து பூட் கேம்ப் என்று ஒரு வசதி இருந்தது. எம் வரிசைச் சில்லோடு அது போயிற்று. இப்போது பெரும்பாலும் பேரலல்ஸ் என்ற மென்பொருளுக்குச் சந்தா கட்டி, அதற்குள் ஆர்ம் சில்லுக்கான விண்டோஸ் 11 ஓட்ட வேண்டும். 2023 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் இதற்கு முறைப்படி அனுமதி கொடுத்தது. விண்டோஸ் லைசென்ஸ் தனி. விண்டோஸை விட்டு வந்தவர் மறுபடி மைக்ரோசாஃப்டுக்கே பணம் கட்டுகிறார்! சாதாரண மென்பொருட்கள் இதில் ஓடிவிடும். சாலிட்வொர்க்ஸ் கம்பெனி இதற்குப் பொறுப்பேற்பதில்லை. யுஎஸ்பியில் சொருகும் கருவிகள்தான் பெரிய தகராறு: இன்டெல் விண்டோஸுக்கு எழுதிய டிரைவர் ஆர்ம் விண்டோஸில் ஏறாது. பிஎல்சியோடு பேச உதவும் பழைய சீரியல் கேபிள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாம் அங்கே அடம்பிடிக்கலாம்.

எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் பழைய லேப்டாப்புக்குக் கிடைப்பது சொற்பம். அதனால் பலர் கொடுப்பதில்லை. வைஃபையை அணைத்து, விண்டோஸ் 10ஐ அப்படியே விட்டு, அலமாரியில் வைத்துக்கொள்கிறார்கள். கேபிளின் டிரைவர் அதில்தான் ஒழுங்காக ஏறியிருக்கிறது. ராத்திரி ஷிஃப்டில் லைன் நின்று ஃபோன் வந்தால் பையில் போவது அதுதான்.